கரையோரத்தின் கணக்கு: காலநிலை ஆய்வு என்றால் என்ன, அது சட்டமாவது எப்படி?

தனுஷ்கோடிக்குப் போகும் சுற்றுலா வண்டிகளில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது: "கடல் மட்டம் உயர்ந்து மூழ்கிப்போன ஊர் இது." இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் அதை நம்பிக்கொண்டே போகிறார்கள். ஆனால் அந்த ஊரை அழித்தது 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவில் அடித்த புயல். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணிகள் ரயிலை ஆட்களோடு அடித்துச் சென்றதும் அதே புயல்தான். அது ஆண்டுக்கணக்கில் மெல்ல ஏறிய கடல் அல்ல, ஓர் இரவில் பாய்ந்த கடல்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டும் இன்று நீருக்கு மேல் இல்லை. அதற்கும் "கடல் மட்டம்" என்றுதான் சொல்கிறார்கள். சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பல ஆண்டுகள் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததால், அலையைத் தடுத்து நின்ற அரண் போய்விட்டது என்பதையே ஆய்வாளர்கள் முதன்மைக் காரணமாகக் காட்டுகிறார்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, இதுதான் காலநிலை மாற்றம் என்று அன்று மாலையே முடிவு கட்டிவிட்டோம். புயல், பாறை வெட்டு, பெருமழை ஆகிய மூன்றும் மூன்று வேறு கதைகள். மூன்றையும் ஒரே பெயரில் போட்டு வைத்திருப்பதால்தான், அரசு ஏதாவது ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டுப் பேசும்போது நமக்குப் பாதி புரிகிறது, பாதி சந்தேகமாக இருக்கிறது. அந்த அறிக்கைகளில் வரும் எண்கள் எங்கிருந்து, எப்படி வருகின்றன, அவை கரையோரச் சட்டமாக மாறும் வழி என்ன என்பவற்றை ராமநாதபுரம் கரையை வைத்தே இங்கே பார்க்கலாம்.

ஒரு நாளும் முப்பது ஆண்டும்

வள்ளம் இறக்குவதற்கு முன் ஒருவர் கரையில் நின்று காற்றைப் பார்க்கிறார். வாடைக்காற்று பலமாக இருக்கிறதா, கச்சான் என்ற தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டதா, வடகடலான பாக் விரிகுடாவில் போகலாமா, தென்கடலான மன்னார் வளைகுடாவுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று முடிவு செய்கிறார். அவர் பார்ப்பது இன்றைய காற்று. இதற்கு வானிலை என்று பெயர். அதே மனிதர், "கார்த்திகையில் வாடை இருக்கும், ஆடியில் கச்சான் இருக்கும்" என்று காலண்டரைப் பார்க்காமலே சொல்கிறார். இது அவர் தம் அப்பாவிடமிருந்தும் தம் இருபது முப்பது ஆண்டு அனுபவத்திலிருந்தும் திரட்டிவைத்த சராசரி. இதற்குக் காலநிலை என்று பெயர். உலக வானிலை அமைப்பு இந்தச் சராசரியைக் கணக்கிடுவதற்கு வழக்கமாக 30 ஆண்டுகளை அளவாக எடுத்துக்கொள்கிறது.

ஆகவே காலநிலை மாறிவிட்டது என்று சொல்ல வேண்டுமானால், முப்பது ஆண்டுச் சராசரி ஒன்றை இன்னொரு முப்பது ஆண்டுச் சராசரியோடு ஒப்பிட வேண்டும். ஒரு மழையை இன்னொரு மழையோடு ஒப்பிட்டுப் பயன் இல்லை. ராமேஸ்வரத்து 40 சென்டிமீட்டர் மழை அந்தப் பெருங்கணக்கில் ஒரு வரி. அந்த வரி மட்டும் எதையும் நிரூபிக்காது. அப்படிப்பட்ட வரிகள் முன்பைவிட அடிக்கடி வருகின்றனவா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் பாம்பனில் உள்ளதைப் போன்ற பழைய வானிலை நிலையங்களின் பதிவேடுகள் வேண்டும். 1875இல் தொடங்கப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மிகப் பெரிய சொத்து அதன் செயற்கைக்கோள் படங்கள் அல்ல, நிறுத்தாமல் எழுதிவைத்த அந்தப் பதிவேடுகள்தான் என்பது என் கருத்து. செயற்கைக்கோளைப் பணம் இருந்தால் நாளைக்கே ஏவலாம். 1920ஆம் ஆண்டின் மழையை யாரும் திரும்பப் போய் அளக்க முடியாது.

சுருங்கச் சொன்னால், வானிலை அன்றைய செலவு, காலநிலை ஆண்டுக்கணக்கான வரவுசெலவு. ஆய்வு என்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது ஏட்டைப் பிழையில்லாமல் எழுதுவதுதான்.

ஒரு பானை சோறும் ஒரு சோறும்

கடலில் உள்ள மீனை எண்ண முடியுமா? கரைக்கு வரும் மீனையே முழுதாக எண்ண முடியாது. ராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை ஏறத்தாழ 237 கிலோமீட்டர். அதில் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் போன்ற பெரிய இறங்குதளங்கள் தொடங்கிப் பத்து வள்ளம் மட்டுமே ஒதுங்கும் சிறு கரைகள் வரை இருக்கின்றன. இத்தனைக்கும் ஆள் போட்டு எண்ணுவது நடக்காத காரியம்.

இங்கேதான் மாதிரி எடுத்தல் என்ற முறை வருகிறது. முழுவதையும் எண்ணாமல், சரியாகத் தேர்ந்த ஒரு சிறு பகுதியை எண்ணி, அதிலிருந்து முழுவதையும் கணக்கிடுவதே மாதிரி எடுத்தல். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்வதும் இதைத்தான். ஆனால் பழமொழி சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு: பானையைக் கிண்டிவிட்டு எடுத்தால்தான் அந்த ஒரு சோறு பதம் சொல்லும். மேலாக இருக்கும் சோற்றை எடுத்தால் வேகாதது கிடைக்கும், அடியில் எடுத்தால் குழைந்தது கிடைக்கும்.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் தொடங்கப்பட்டது. 1949 முதல் 1971 வரை அதன் தலைமையகம் நம் மண்டபம் கேம்பில்தான் இருந்தது. பிறகு கொச்சிக்குப் போனது. மண்டபத்தில் இன்றும் அதன் ஆய்வு மையம் இயங்குகிறது. இந்தியக் கடற்கரை முழுவதும் மீன்வரவைக் கணக்கிட இந்நிறுவனம் பயன்படுத்தும் முறையில் 'கிண்டிவிடுதல்' எப்படி நடக்கிறது என்பதைக் கிட்டப் போய்ப் பார்ப்பது நல்லது.

எந்தக் கரைக்கு, எந்த நாளில் போவது என்பதைக் கணக்கெடுப்பவர் தாமே தேர்ந்தெடுப்பதில்லை. குலுக்கல் முறையில் அது முடிவாகிறது. அப்படிக் குறித்த நாளில் நண்பகல் 12 மணிக்கு அவர் கரைக்கு வந்து மாலை 6 மணி வரை நிற்கிறார். மறுநாள் காலை 6 மணிக்குத் திரும்ப வந்து நண்பகல் வரை இருக்கிறார். இடையில் இரவில் கரை சேர்ந்த படகுகளைப் பற்றிக் கரையில் உள்ளவர்களிடம் விசாரித்து எழுதிக்கொள்கிறார். இந்த 24 மணி நேரமும் சேர்ந்து ஒரு நாள் கணக்கு. பதினைந்து படகுக்குள் வந்தால் எல்லாவற்றையும் பார்ப்பார். அதற்கு மேல் வந்தால் ஒரு முறைப்படி சிலவற்றைத் தேர்ந்துகொள்வார். கூடைகள் இறங்குகின்றன, ஐஸ் அள்ளிக் கொட்டுகிறார்கள், ஏலக் குரல் ஏறுகிறது. அந்த இரைச்சலுக்கு நடுவில் அவர் காரல் எத்தனை கூடை, சூடை எத்தனை, நகரை எத்தனை, கணவாயும் நண்டும் எவ்வளவு, எந்த வலை, எத்தனை மணி நேரத் தொழில் என்று எழுதிக்கொண்டிருப்பார். பக்கத்தில் நிற்பவருக்கு அது வேலையாகவே தெரியாது. வியாபாரியின் ஆளோ என்று கேட்பவர்களும் உண்டு.

நல்ல மீன்பாடு உள்ள நாளாகப் பார்த்து அவர் வந்தால் மீன் பெருகியதாகக் கணக்கு சொல்லும், மீன் இல்லாத நாளில் வந்தால் குறைந்ததாகச் சொல்லும். குலுக்கல் வைப்பது இதைத் தவிர்க்கத்தான். ஆகவே இத்தகைய புள்ளிவிவரத்தைப் பார்த்து "எங்கள் கரைக்கு யாருமே வரவில்லையே, எப்படிச் சொன்னார்கள்?" என்று கேட்பதைவிட, "எந்தெந்தக் கரைக்கு, எப்படித் தேர்ந்து போனார்கள்?" என்று கேட்பது கூர்மையான கேள்வி. பெரிய துறைமுகத்தை மட்டும் பார்த்துவிட்டு நாட்டுப்படகுக் கரைகளை விட்டுவிட்ட கணக்காக இருந்தால் அதை எதிர்க்க நமக்கு உரிமை உண்டு.

அப்பா காலத்து மீன்

"எங்கள் அப்பா காலத்தில் மீன் எவ்வளவு இருந்தது தெரியுமா?" என்று ஒவ்வொரு தலைமுறையும் சொல்கிறது. அப்பாவும் இதையே சொல்லியிருப்பார். ஒவ்வொருவரும் தாம் தொழிலுக்குப் போகத் தொடங்கிய காலத்தை இயல்பான நிலை என்று மனத்தில் வைத்துக்கொள்வதால், சிறுகச் சிறுக நடந்த குறைவு யார் கண்ணிலும் முழுதாகப் படுவதில்லை.

இதற்கு மாற்று, அடிப்படைத் தரவு. ஒரு மாற்றத்தை அளப்பதற்கு முன்பே, இதுதான் தொடக்கநிலை என்று எழுதிவைத்த அளவுக்கு அந்தப் பெயர். மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளை எடுத்துக்கொள்வோம். பவளம் என்பது பாறை போலத் தெரியும் உயிர்க்கூட்டம். அதன் திசுவுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து உணவும் நிறமும் கொடுக்கின்றன. கோடையின் மிகச் சூடான மாதத்தில் வழக்கமாக இருக்கும் வெப்பத்தைவிட நீர் ஒரு டிகிரி செல்சியஸ் கூடி, அது வாரக்கணக்கில் நீடித்தால், பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துப் போகிறது. இதைப் பவள வெளிறல் என்பர். மன்னார் வளைகுடாவில் 2010, 2016, 2024 ஆண்டுகளில் இது நடந்தது. வெளிறிய பவளம் உடனே சாவதில்லை. நீர் குளிர்ந்தால் பிழைக்கும், குளிராவிட்டால் சாகும்.

இதில் 'வழக்கமாக இருக்கும் வெப்பம்' என்ற சொற்களைக் கவனியுங்கள். அந்த வழக்கம் எது என்று முன்பே அளந்து வைத்திராவிட்டால் ஒரு டிகிரி கூடியதா என்று சொல்லவே முடியாது. ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம், அதாவது இன்காய்ஸ், செயற்கைக்கோள் காட்டும் கடல் வெப்பத்தை இந்தப் பழைய சராசரியோடு ஒப்பிட்டுத்தான் வெளிறல் எச்சரிக்கை தருகிறது.

கடல் மட்டம் என்பது எந்த மட்டம்?

பிள்ளையின் உயரத்தைக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுப் பார்க்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்தக் கோடு பயன்பட வேண்டுமானால் தரை அசையக் கூடாது, பிள்ளை துள்ளிக் குதிக்கக் கூடாது. கடலை அளப்பதில் உள்ள சிக்கல் இரண்டும் இவையே. கடல் எப்போதும் துள்ளிக்கொண்டிருக்கிறது; தரையும் சில இடங்களில் மெல்ல இறங்குகிறது அல்லது ஏறுகிறது.

துள்ளலை அடக்க ஒரு குழாய் போதும். கடலில் செங்குத்தாக நிறுத்திய குழாயின் அடியில் சிறு துளை இருக்கும். வெளியே அலை அடித்தாலும் அந்தத் துளை வழியாக நீர் மெதுவாகத்தான் உள்ளே ஏறி இறங்கும். அலை தணிந்துபோன அந்த நீரின் உயரத்தை ஒரு கருவி பதிவுசெய்கிறது. ஓதம், அதாவது நாள்தோறும் நிலவின் இழுப்பால் கடல் ஏறி வற்றுவது, இதில் பதிவாவதால் இதற்கு ஓதமானி என்று பெயர். தரையின் அசைவைக் கணக்கில் கொள்ள, கருவிக்கு அருகே உறுதியான நிலத்தில் ஓர் அளவுக்கல் பதித்து, அதையும் அவ்வப்போது சரிபார்ப்பார்கள். 1990களின் தொடக்கத்திலிருந்து செயற்கைக்கோள்களும் மேலிருந்து கடலின் உயரத்தை அளக்கின்றன. இரண்டு கணக்கும் ஒத்துப்போகும்போது நம்பிக்கை கூடுகிறது.

ஏன் உயர்கிறது? இரண்டு காரணங்கள் முக்கியம். நிலத்தின் மேல் கிடக்கும் பனி உருகிக் கடலில் சேர்கிறது. அடுத்தது அடுப்படியில் பார்த்ததுதான்: விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தை அடுப்பில் வைத்தால், கொதிப்பதற்கு முன்பே கொஞ்சம் வழிகிறது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. இருந்த தண்ணீர் சூட்டில் விரிந்தது. கடலும் அப்படியே விரிகிறது.

புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் பொறுப்பேற்றுத் தொகுத்து, மத்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட தேசிய மதிப்பீடு இந்தக் கணக்குகளை ஒன்றுசேர்த்தது. அதன்படி 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சராசரியாக 1 டிகிரி செல்சியஸ் சூடேறியது. வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்தது. முப்பது ஆண்டுக்குப் பெருக்கினால் பத்து சென்டிமீட்டர், ஏறத்தாழ அரைச் சாண்.

அரைச் சாணுக்கா இவ்வளவு பேச்சு என்று கேட்கத் தோன்றும். நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கமே ஒரே நாளில் அதைவிடப் பல மடங்கு. ஆனால் ஓதம் ஏறினால் வற்றுகிறது. இந்த அரைச் சாண் வற்றுவதில்லை. அடுத்த பௌர்ணமி ஓதமும், அடுத்த புயலின் அலையும் அதன் மேல் ஏறி நின்றுகொண்டுதான் வரும். மண்டபத்திலிருந்து தனுஷ்கோடி வரை தாழ்வான மணல் நிலத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும்.

எதிர்காலத்தைப் பற்றிய எண்களும் அந்த மதிப்பீட்டில் உண்டு. அவற்றைச் சோதிடம் போலப் படிப்பது தவறு. "உலகம் இவ்வளவு கரியமில வாயுவை வெளியேற்றினால் இவ்வளவு நடக்கும்" என்று 'ஆல்' விகுதியோடு சொல்லப்படும் கணக்குகள் அவை. இவற்றை நிபந்தனைக் கணிப்பு எனலாம். நடுத்தர அளவு உமிழ்வு தொடர்ந்தால், இந்த நூற்றாண்டின் முடிவில் வட இந்தியப் பெருங்கடல் நீரின் விரிவால் மட்டும் சுமார் 30 சென்டிமீட்டர் உயரக்கூடும் என்பது அப்படிப்பட்ட ஒன்று. செய்தியாக வரும்போது அந்த 'ஆல்' உதிர்ந்துபோய், "ராமேஸ்வரம் மூழ்கும்" என்பது மட்டும் தலைப்பில் மிஞ்சுகிறது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: அளவுக்குக் காலநீட்சி வேண்டும், சரியான மாதிரி வேண்டும், தொடக்கநிலை தெரிந்திருக்க வேண்டும், கணிப்பை அதன் நிபந்தனையோடு படிக்க வேண்டும்.

மணலின் வரவுசெலவு

வீட்டு வாசலைக் கடல் தின்றுவிட்டது என்றால், கடல் மட்டம் உயர்ந்ததுதான் காரணம் என்று உடனே சொல்லிவிட முடியாது. கரை ஓரமாக மணல் ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கிறது. அலை சாய்வாக வந்து மோதும்போது மணலைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகிறது. ஒரு கரைக்கு வரும் மணலும் போகும் மணலும் சமமாக இருந்தால் கரை நிலைக்கும். வரவு குறைந்தால் அரிக்கும்.

இதற்கு நம் ஊர்களில் கேட்கப்படும் மருந்து தூண்டில் வளைவு. கடலுக்குள் கல்லைக் கொட்டி நீட்டினால், மணல் வரும் பக்கத்தில் அது தேங்கிக் கரை வளர்கிறது. ஆனால் மறுபக்கத்து ஊருக்குப் போக வேண்டிய மணல் அங்கே நின்றுவிடுவதால், அந்த ஊர் அரிக்கத் தொடங்குகிறது. அவர்களும் ஒரு தூண்டில் வளைவு கேட்பார்கள். வாய்க்காலில் மடையை அடைத்துக்கொண்டவனுக்கும் கடைமடைக்காரனுக்கும் நடக்கும் வழக்கைப் போன்றது இது. ஓர் ஊரை மட்டும் அளந்தால் கல் கொட்டியது வெற்றியாகவே தெரியும். நெடுங்கரையை முழுவதும் அளந்தால்தான் நட்டம் எங்கே போய் விழுந்தது என்று தெரியும். இத்தகைய ஆய்வு தேசிய அளவில் ஏன் நடக்க வேண்டும் என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிக எளிய பதில் இதுதான்.

சென்னையில் உள்ள தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நாட்டின் நிலப்பகுதிக் கரையை அப்படி அளந்தது. 33.6 சதவீதம் அரிப்பு, 26.9 சதவீதம் மணல் சேர்வு, மற்றது பெரிதாக மாறாதது. அரிப்பை மட்டும் செய்தியாகப் படித்தவர்கள், நான்கில் ஒரு பங்குக்கு மேல் கரை வளர்ந்திருக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை.

அளவுமுறையைக் கேட்காமல் எண்ணை நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு சான்று. 1970களில் கணக்கிட்ட இந்தியக் கடற்கரை நீளம் 7,516.6 கிலோமீட்டர். அண்மையில் அது 11,098.81 கிலோமீட்டர் என்று திருத்தப்பட்டது. தமிழ்நாட்டின் நீளம் 906.9இலிருந்து 1,068.69 ஆயிற்று. நாடு வளரவில்லை. முன்பு வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது 45 கிலோமீட்டரைக் குறித்தது. இப்போது இரண்டரை கிலோமீட்டரைக் குறிக்கிறது. அதனால் வளைவுகளும் கழிமுகங்களும் கணக்கில் வந்துவிட்டன.

கோடு அறிவியல், தூரம் அரசியல்

ஆய்வு முடிந்தால் அரசு அப்படியே செய்ய வேண்டியதுதானே என்ற எதிர்பார்ப்பு பரவலாக உண்டு. நடப்பது அப்படி இல்லை. ஆய்வு 'இது இவ்வாறு இருக்கிறது' என்று சொல்லும். 'ஆகையால் இதைச் செய்' என்பது யாருக்கு எவ்வளவு இழப்பு, யார் தாங்குவது என்று எடைபோட்டு எடுக்கும் முடிவு.

கரையோரத்தில் எங்கே எதைக் கட்டலாம் என்று வகுக்கும் மத்திய அரசின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கடல் உயர் ஓதத்தில் எட்டும் எல்லையை வரைபடத்தில் உயர் ஓதக் கோடாகக் குறிக்கிறார்கள். இது அளந்து போடும் கோடு. அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் கட்டடம் கூடாது? 2011ஆம் ஆண்டு அறிவிக்கை ஊரகப் பகுதிகளுக்கு 200 மீட்டர் என்றது. 2019ஆம் ஆண்டு அறிவிக்கை, 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகப் பகுதிகளில் அதை 50 மீட்டராகக் குறைத்தது. இடையில் கடல் பின்வாங்கவில்லை. நெருக்கமாக மக்கள் வாழும் இடத்தில் எதை அனுமதிப்பது என்ற முடிவு மாறியது. இன்னொன்றும் உண்டு: வெள்ளம், அரிப்பு, கடல்மட்ட உயர்வு ஆகியவற்றைக் கணக்கிட்டு வரையப்பட்ட பேரிடர்க் கோட்டை, பேரிடர் மேலாண்மைத் திட்டமிடலுக்கான கருவியாகவே 2019 அறிவிக்கை வைத்தது, கட்டுமானத்தைத் தடுக்கும் எல்லையாக ஆக்கவில்லை. இதை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஒரே வரைபடத்தைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

மீன்பிடித் தடைக்காலமும் இப்படியே. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்தது. எந்த மீன் எந்த மாதத்தில் சினையோடு இருக்கிறது என்பதை ஆய்வு சொல்லும். எல்லா மீனுக்கும் ஒரே மாதம் இல்லை என்பதையும் சொல்லும். எந்த மாதத்தைத் தேர்வது, அந்த நாள்களில் அடுப்பெரிய எவ்வளவு நிவாரணம் தருவது என்பதை ஆய்வு சொல்லாது.

ஆனால் முடிவு அரசியல் என்பதால் அளவு பொருட்டில்லை என்று ஆகிவிடாது. வரைபடத்தில் இல்லாத ஒன்று பேச்சிலும் இல்லாமல் போகும். 2019 அறிவிக்கைக்கான வரைவு வரைபடங்கள் வெளியானபோது தமிழ்நாட்டு மீனவர்கள் எழுப்பிய முதன்மையான குறை, தங்கள் குடியிருப்புகளும் பொதுப் பயன்பாட்டு இடங்களும் அவற்றில் சரியாகக் குறிக்கப்படவில்லை என்பது. படகு நிறுத்தும் இடம், வலை உலர்த்தும் திடல், கருவாடு காயும் களம், பாசி எடுக்கும் பெண்கள் தீவுக்குப் போகும் துறை ஆகியவற்றுக்கு வானத்திலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. எல்லாம் வெறும் மணல்வெளிதான். கரையில் நின்று, இது இன்னார் வலை காயப்போடும் இடம் என்று யாராவது எழுதிக் கொடுத்தால்தான் அது வரைபடத்தில் ஏறும்.